டைல்ஸ் பதித்த பஸ்ஸின் பின்சில்லுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டயர் கடையில் கிடைத்தது. பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆரையம்பதிப் பக்கம் போன இடத்தில் என் மோட்டார் சைக்கிள் சில்லில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் ஒட்டும்வரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய பஸ் நின்றது. யன்னல்களுக்குத் திரைச்சீலை, பின்பக்கம் தண்ணீர்த் தாங்கி, கூரைக் கம்பியில் காயப்போட்ட சாரன். பஸ்ஸை வீடாக மாற்றியிருக்கிறார்கள் என்று விளங்கியது. அதன் பின்பக்கத்து இரட்டைச் சில்லுகளுக்கு நடுவே வயதான ஒருவர் கையை நுழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, கை லேசாப் போகுதே. இதுக்கு மேல என்ன இடவெளி வேணும்?"

யன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "மேல விட்டா போகும்தான். கீழ விட்டுப் பாருங்க."

அவர் கீழே விடவில்லை. கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு ஏறி, பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் சில்லும் ஒட்டி முடிந்தது. நான் கண்டது இவ்வளவுதான். உசனார், ஸஹீதா என்ற பெயர்கள் நான் வைத்தவை. மிச்சம் எல்லாம் என் கற்பனை. ஆனால் அந்த மனிதர் ஏன் கீழே கையை விடவில்லை என்ற கேள்வி என்னைப் போட்டு அரித்தது. குனிந்தால் முடிகிற காரியம். அந்த எரிச்சலில்தான் எழுதத் தொடங்கினேன், எழுத எழுத எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

2

தொடக்கங்கள் மூன்றைக் கைவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, பாருங்கள்.

"வாவியின் மேல் அந்திவெயில் மெல்ல —"

(மட்டக்களப்புக் கதையென்றால் வாவி வேண்டும், வாவியென்றால் மீன் பாடவேண்டும். இந்தக் கதையில் எந்த மீனும் பாடாது. மன்னிக்கவும்.)

"கனரக வாகனங்களின் பின்னச்சில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சில்லுகள் பொருத்தப்படுவதன் நோக்கம் —"

(சாரதிப் பரீட்சைக்குப் படிப்பவர்கள்கூட இரண்டாவது வரிக்கு வரமாட்டார்கள்.)

"ஸஹீதா தன் கணவனை —"

(கணவனை என்ன? நேசித்தாளா, திட்டினாளா, சகித்தாளா? மூன்றையும் ஒரே காலையில் செய்கிறவளை ஒரு வினைச்சொல்லில் எப்படி அடைப்பது?)

நாலாவது இது: "ஸஹீதா மூன்று வீடு கட்டியவள். அவளுக்கு வீடில்லை."

இது நிற்கும். இங்கிருந்து போவோம்.

3

காத்தான்குடியில் பெண்பிள்ளை பிறந்தால், தொட்டில் கட்டிய கையோடு வீட்டைப் பற்றியும் யோசிக்கவேண்டும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். உசனாருக்கும் ஸஹீதாவுக்கும் மூன்று பெண்மக்கள். உசனார் கட்டாரில் பெரிய லொறிகள் ஓட்டினார். அவர் அங்கே ஓட்டியதெல்லாம் இங்கே கல்லாகவும் சீமெந்தாகவும் எழும்பியது. நின்று எழுப்பியவள் ஸஹீதா. மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், மணலில் கலப்படம் கண்டால் லொறிக்காரனோடு சண்டை பிடித்தாள், பூசிய சுவருக்குத் தண்ணீர் அடித்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் நிலத்துக்கு டைல்ஸ் பதித்து முடியும்போது கலியாணம் வந்துவிடும். வீடு மகளின் பெயருக்குப் போகும். தாயும் தகப்பனும் சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு, பாதி கட்டிய அடுத்த வீட்டின் கரடுமுரடான சீமெந்து நிலத்துக்குக் குடிபோவார்கள். டைல்ஸ் என்ன நிறம் என்பதைக்கூட மாப்பிள்ளை வீட்டார்தான் சொல்லியனுப்பினார்கள். மூன்று முறையும் அப்படித்தான்.

கடைசி மகள் ஷஸ்னாவின் வீட்டையும் கொடுத்தபோது போவதற்கு அடுத்த வீடு இருக்கவில்லை. எங்களோடு இருங்கள் என்று மூன்று பிள்ளைகளும் மனதாரத்தான் கேட்டார்கள். ஸஹீதா ஒரேயடியாக மறுத்தாள்.

"குடுத்த வீட்டுல மூலைக்க குந்திக்கிட்டு இரிக்க என்னால ஏலா."

அப்போது உசனார், ஓட்டத்திலிருந்து கழித்த ஒரு பஸ்ஸை வாங்கி வந்து ஷஸ்னாவின் வீட்டு வளவுக்குள் நிறுத்தினார். ஆசனங்களைக் கழற்றினார். கட்டில் போட்டார், சமைக்கக் குசினி அடித்தார், தண்ணீர்த் தாங்கி வைத்தார். தளத்துக்கு என்ன போடுவது என்று கேட்டபோது ஸஹீதா யோசிக்கவேயில்லை.

"டைல்ஸ்."

"வஸ்ஸுக்கா?"

"வீட்டுக்கு."

ஷஸ்னா சிரித்தாள். "உம்மா, டைல்ஸ் படம் போட்ட விரிப்பு கடையில இரிக்கி. சுருட்டிக்கிட்டு வந்து விரிச்சா ஒரு மனிசருக்கும் தெரியா."

"எனக்குத் தெரியும்தானே" என்றாள் ஸஹீதா.

மேசன் வந்தார். தளத்தில் கம்பி வலை விரித்து, சீமெந்துக் கலவையைத் தடிப்பாகப் போட்டு, அதன்மேல் டைல்ஸ் பதித்தார். கடும் பச்சை, நடுவில் வெள்ளைப் பூ. பார்த்த எல்லாருக்கும் கண் கூசியது. அதை யாரும் சொல்லியனுப்பவில்லை, ஸஹீதாவே கடைக்குப் போய் எடுத்தது.

[பஸ்ஸுக்குள் சீமெந்து கொட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வருகிறீர்கள். தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த ஒருத்தியிடம், நிலம் பதிக்காத ஒன்றைக் காட்டி இதுதான் உன் வீடு என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன்.]

4

இனி டயர். தவிர்க்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இரண்டு இரண்டாகச் சில்லு போடுவது பாரத்தைத் தாங்குவதற்கு. அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இடையில் காற்றுப் போகவேண்டும், கல் சிக்கினால் விழவேண்டும். டயரின் மேல்பக்கத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, அது எப்போதும் ஒழுங்குப்பிள்ளை. நிலத்தில் அழுந்துகிற கீழ்ப்பக்கம்தான் பாரம் ஏறினால் இரு பக்கமும் பிதுங்கும். ஆகவே இடைவெளி பார்ப்பவர் பாரம் முழுவதையும் ஏற்றிவிட்டு, குனிந்து, கீழே பார்க்கவேண்டும். அங்கே இரண்டும் முட்டினால், ஓடும்போது ஒன்றையொன்று தேய்க்கும். தேய்ந்தால் சூடேறும். சூடேறினால் ஒருநாள் வெடிக்கும்.

இதுவரை வாசித்துவிட்டு நௌஷாட் தொலைபேசி எடுத்தார். நௌஷாட் ஒரு சிற்றிதழின் ஆசிரியர், என் கூட்டாளி, இந்தக் கதையைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

"மச்சான், அபாரம். புருசனும் பொஞ்சாதியும்தானே அந்த ரெண்டு டயரும்?"

"இல்ல. டயர்தான் டயர்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் இடவெளி இரிக்கோணும், குடும்பப் பாரம் கூடினா —"

"நௌஷாட், அது இறுக்கிக் காத்தடிச்ச றப்பர்."

"நீ ஒத்துக்க மாட்டாய். எழுதுறவன் எவன் ஒத்துக்கிட்டிரிக்கான்?"

வைத்துவிட்டேன். உங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பாதையில் போகாதீர்கள். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு மனிதர் குனிந்து பார்ப்பது மட்டும்தான்.

5

(இந்தப் பகுதியில் உசனாரின் கட்டார் வாழ்க்கை இருந்தது. பாலைவனம், லொறி, தனிமை. நன்றாகத்தான் இருந்தது. டயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததால் வெட்டினேன். நௌஷாட் இன்னும் கவலைப்படுகிறார்.)

6

பஸ் ஷஸ்னாவின் வளவிலேயே நின்றிருந்தால் கதையில்லை. ஆனால் ஷஸ்னாவுக்கும் ஒரு மகள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டவேண்டும், வளவில் அதற்கு இருந்த இடம் பஸ் நின்ற இடம் மட்டுமே. மருமகன் றிப்ஷான் தங்கமான பிள்ளை. வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் பஸ்ஸைச் சுற்றி நாலு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு மட்டும் கட்டினார்.

கயிற்றைத் தாண்டி இறங்கும்போது ஸஹீதாவின் சேலைத் தலைப்பு முளையில் மாட்டியது. அவள் கோபிக்கவில்லை. பேத்திக்கு வீடு வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. "போவோம்" என்று உசனாரிடம் சொன்னாள்.

போக இடமும் இருந்தது. கட்டாரில் உசனாரோடு ஒரே அறையில் இருந்த வினாயகமூர்த்திக்கு வவுணதீவில் வயல். அந்த வயல்வட்டையை ஒட்டி அவருடைய மேட்டுக்காணி ஒன்று சும்மா இருந்தது. "வந்து நிப்பாட்டுங்க நானா, கிணறும் இருக்கு, ஆர் கேக்கப் போறா?" என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார். காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, டவுனுக்குள்ளால் போய், வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. சைக்கிளில் போகிற தூரம்.

உசனார் கிளம்பவில்லை.

முதலில் பற்றரி சரியில்லை என்றார். பற்றரி வந்தது. பிரேக் பார்க்கவேண்டும் என்றார். பார்த்தாயிற்று. மழை வரப்போகிறது என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வளவுக்குள் பஸ்ஸை முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்தபோது கட்டிலுக்குக் கீழே றப்பர் உரசுகிற சத்தம் கேட்டதாக ஸஹீதா சொன்னாள். அது பலகை என்றார். அவள் பிடித்த பிடியில் டயர் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே நடந்ததை நீங்களும் நானும் கண்டோம், மேலே கையை விட்டுக் காட்டிவிட்டு வந்தார்.

எனக்குப் பொறுமை போனது இந்த இடத்தில்தான். ஒரு பிரதியில் உசனாரை ஒன்றும் தெரியாதவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. காலமெல்லாம் இரட்டைச் சில்லு வாகனம் ஓட்டியவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாதா? இன்னொன்றில் சோம்பேறியாக்கினேன். முழு பஸ்ஸையும் தன் கையால் வீடாக்கிய மனிதர் சோம்பேறியா? மூன்றாவதில் மகளை விட்டுப் போக மனமில்லாத தகப்பன் ஆக்கினேன், அதை நானே நம்பவில்லை. நான் உண்டாக்கிய ஆள், என் மேசையில் இருந்துகொண்டு, எனக்கே எதையோ ஒளிக்கிறார். எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

ஸஹீதாவுக்கும் பொறுமை போனது. "நீங்க எடுக்கல்லண்டா நான் றிப்ஷான்ட செல்லி எடுப்பிக்கிறன்" என்றாள். மறுநாள் உசனார் பஸ்ஸை எடுத்தார்.

7

ஷஸ்னா வாசலில் நின்று அழுதாள். பேத்தி கையசைத்தாள். உசனார் பிரேத ஊர்வலத்துக்குப் பின்னால் போகிறவரைப் போல மெதுவாக ஓட்டினார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். ஸஹீதா பக்கத்து ஆசனத்தில், மடியில் கோழிக்கறிச் சட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள். குழியில் விழும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்தார்.

வலையிறவுப் பாலத்துக்குச் சற்று முன்னால் மணம் வந்தது. எரிகிற றப்பர் மணம். உசனார் பஸ்ஸை ஓரங்கட்டினார். இருபுறமும் வாவி. பின்னால் வந்த மணல் டிப்பர் கோன் அடித்துக்கொண்டு விலகிப் போனது.

ஸஹீதா இறங்கிப் பின்பக்கம் போனாள். முழங்கால் போட்டுக் குனிந்தாள். பிஸ்கட் பெட்டியில் கிழித்த ஒரு மட்டைத் துண்டை இரண்டு டயருக்கும் நடுவே கீழ்ப்பக்கம் நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. மட்டை மடிந்தது. தலையை இன்னும் தாழ்த்தினாள். டயர்கள் ஒன்றையொன்று பார்க்கிற உட்பக்கத்தில் வழவழவென்று தேய்ந்த ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே, அழிந்தும் அழியாமலும் வெள்ளைச் சோக்குக் கோடுகள். ஒன்றல்ல, பல. ஒன்று தேய்ந்துபோக அடுத்ததைப் போட்டு, அதுவும் தேய்ந்துபோக இன்னொன்றைப் போட்டு.

சோக்குக் கோடு எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கோடு கீறிவிட்டுக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தால், கோடு அழிந்த இடத்தில் டயர்கள் முட்டுகின்றன என்று அர்த்தம். யாரோ ஒருவர் அவள் இல்லாத நேரம் பார்த்து, திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்திருக்கிறார்.

அவள் எழும்பினாள்.

"எப்ப தெரியும்?"

உசனார் வாவியைப் பார்த்தார். "நிலம் காஞ்ச அண்டைக்கே."

"காத்து ஏத்தினா?"

"ஏத்தக்கூடிய அளவு ஏத்தியாச்சு. அதுக்கு மேல ஏலா."

"இடையில தகடு வெச்சு அகட்ட ஏலாதா?"

"நட்டுப் பிடிக்காது. ஓடக்குள்ள சில்லு தனியாப் போயிரும். ஒல்லி டயர் போட்டா இந்தப் பாரம் தாங்கா." மடிந்த மட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். "பாரம் குறையோணும் புள்ள."

பாரம் எதுவென்று இருவரும் சொல்லவில்லை. கட்டிலும் சட்டிபானையும் ஒரு பாரமா?

"இத அண்டைக்கே செல்லியிருந்தா சீமெந்து நல்லா இறுக முந்திக் கிளறி எடுத்திரிக்கலாமே. ஏன் செல்லல்ல?"

"நீ செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நடந்த. முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, திரும்பவும் முன்னுக்குப் போய். நான் வெளிய நிண்டு யன்னலால பாத்துக்கிட்டு நிண்டன். நீ சிரிச்ச." அவர் டயரைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தார். "அதுக்கு மறுகா நான் என்னெண்டு செல்ற?"

(இதுதான் அவர் ஒளித்தது. நான் எழுதிக் கிழித்த பிரதிகளில் எங்கும் இது இல்லை. எனக்கு அவர் மேலிருந்த கோபமெல்லாம் இந்த இடத்தில் வடிந்துபோயிற்று. உங்களுக்கும் வடிந்திருக்கும். அவசரப்படாதீர்கள், ஸஹீதாவுக்கு வடியவில்லை.)

"அல்லாவே!" என்றாள் ஸஹீதா. "மூணு வீட்டையும் எழுதிக் குடுக்கக்குள்ள ஒருக்காலாவது என்னட்டக் கேட்டீங்களா, ஸஹீதா, குடுக்கவாண்டு? கேட்டிருந்தா நானும் குடுங்கண்டுதான் செல்லியிரிப்பன். எண்ட புள்ளயள்தானே. ஆனா கேக்கல்ல. இப்ப இந்த நிலத்தையும் நீங்களே தந்து, நீங்களே மறச்சு, நீங்களே சோக்கக் கீறிக் கீறிக் காவல் காத்துக்கிட்டு இரிக்கீங்க. எனக்குப் பாவம் பாத்தீங்களாக்கும். இது ஆர்ட நிலம்?"

உசனார் கையைச் சாரனில் துடைத்துக்கொண்டார்.

8

இங்கே கதை முடியவேண்டும். முடிவுகள் நாலு எழுதினேன்.

ஒன்று. உசனார் சுத்தியலோடு உள்ளே போய் டைல்ஸை உடைக்கிறார். ஸஹீதா வெளியில் நின்று ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடுகிறாள். பாரம் குறைந்த பஸ் பாலத்தைக் கடக்கிறது. நௌஷாட் இதை வாசித்து அழுததாகச் சொன்னார். அவர் அழுவதே எனக்குச் சந்தேகம்.

இரண்டு. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு ஷஸ்னாவிடம் போகிறார்கள். கயிறு அவிழ்கிறது. பேத்தியின் வீடு தள்ளிப்போகிறது. ஸஹீதா மகள் வீட்டு மூலையில் குந்தியிருக்கிறாள், எல்லாரும் அவளை அன்பாகக் கவனிக்கிறார்கள். இதை எழுதி முடித்ததும் எனக்கே மூச்சு முட்டியது.

மூன்று. ஆனது ஆகட்டும் என்று ஓட்டிப்போய், பாலத்தின் நடுவில் டயர் வெடிக்கிறது. எந்த இதழும் கண்ணை மூடிக்கொண்டு பிரசுரிக்கும். அதனாலேயே வேண்டாம்.

நாலு. வினாயகமூர்த்தி உழவு மெசினில் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்து, டைல்ஸை முழுசு முழுசாகக் கழற்றி ஏற்றிப்போய், தன் காணியில் ஒரு சின்ன அறை கட்டி அங்கே பதித்துக் கொடுக்கிறார். நல்ல மனிதர், செய்யக்கூடியவர். ஆனால் சீமெந்தில் பிடித்த டைல்ஸ் முழுசாகக் கழன்று வராது. எந்த மேசனிடமும் கேளுங்கள்.

நாலையும் அடுக்கிவைத்து வாசித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. இந்த முறை என் மேலேயே வந்தது. நாலிலும் ஸஹீதா நிற்கிறாள், கண்ணை மூடுகிறாள், குந்தியிருக்கிறாள், நன்றி சொல்கிறாள். அவள் கேட்ட கேள்வி அந்த வீதியோரத்தில் அப்படியே கிடக்கிறது. உசனாரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுடைய நிலத்தை என்ன செய்வது என்று அவளைத் தவிர எல்லாரும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நாலையும் கிழித்துவிட்டுப் பாலத்தடிக்குத் திரும்பிப் போனேன். அவள் இன்னும் அங்கேதான் நின்றாள்.

"சுத்தியல எடுங்க" என்றாள்.

உசனார் ஆசனத்துக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தார். "நான் செய்றன் புள்ள, தா" என்று கையை நீட்டினார். அவள் தரவில்லை. படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

"ஆரும் உள்ளுக்கு வராதீங்க" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "ஆரும்தான்."

கடைசிச் சொல் எனக்கு. விளங்கிக்கொண்டேன்.

இதுவரை உள்ளே ஒரு சத்தமும் இல்லை. உசனார் சூடான டயருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருக்கிறார். வாகனங்கள் கோன் அடித்துக்கொண்டு போகின்றன. வினாயகமூர்த்தி இரண்டு தரம் அழைத்துவிட்டார், இன்னும் வரக் காணவில்லையே என்று. அவள் உடைக்கப்போகிறாளா, செருப்பில்லாமல் நிற்கிறாளா, சுத்தியலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோழிக்கறியோடு சோறு தின்கிறாளா, எனக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பாவனை செய்து ஐந்தாவது முடிவு ஒன்றை எழுத எனக்கு மனமில்லை.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், பஸ் வீதியோரத்தில்தான் நிற்கிறது. போய்க் கதவைத் தட்டுங்கள். என்ன செய்யப்போகிறாய் என்று அவளிடம் கேளுங்கள். அவள் கதவைத் திறக்க நேரமெடுத்தால் வெளியில் நில்லுங்கள். என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் மட்டும் எழுதாதீர்கள்.